கண்டியில் என் தம்பி மகன் காணி கேட்ட விவரம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷமாகிறது. இரண்டு தரம் காகிதம் வாங்கி வைத்தேன். இரண்டு தரமும் முருகன் பேரில் பிள்ளையார் சுழி போட்டதோடு நின்றுவிட்டது. நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அது ஒரு காரணம். மற்றது, என்னைப் பற்றி ஊரிலே நடக்கிற பேச்சுக்கு நானே சாட்சி எழுதிக் கொடுத்ததாகிவிடுமோ என்ற பயம். இந்தத் தைப்பூசத்தில் சந்நிதியில் நின்றபோது, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் தம்பி முத்தையா சின்ன வயதிலேயே கண்டிக்குப் போனவன். ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே இறந்தும் போனான். அவன் மகன் வேலுச்சாமி. நான் அவனைப் பார்த்ததே கிடையாது. அவனுக்குக் கல்யாணமாகி மனைவி மீனாட்சி முழுகாமல் இருக்கிறாள் என்று கடுதாசி வந்ததும், இனி அவனைப் பிறத்தியார் மண்ணில் விட்டு வைப்பது சரியல்ல என்று எனக்குத் தோன்றியது. ஊரில் அவன் அப்பன் பங்கு நிலம் இருக்கிறது. இத்தனை வருஷமும் என் பங்கோடு சேர்த்து நான்தான் உழுது வந்தேன். அவனைக் கூட்டி வந்து அந்தப் பங்கை அவன் கையில் ஒப்படைப்பது என் கடமை என்று நிலத்துப் பட்டாவை மஞ்சள் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

கண்டி ஸ்டேஷனில் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மழை வந்தால் ஜனங்கள் வாசலுக்கு வந்து வானத்தைக் கும்பிடுவார்கள். இங்கே யாரும் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாசலில் பஸ்காரன் ஒருவன், நான் எங்கே போகிறேன் என்று கேட்பதற்கு முன்பே என் தகரப் பெட்டியைத் தூக்கி பஸ் கூரைமேல் போட்டான். பெட்டி ஏறிவிட்டது, நானும் ஏறினேன். ஹந்தானை ஊருக்குத் தெற்கே இருக்கிறது. அந்த பஸ் வடக்கே போய் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் என்னை இறக்கிவிட்டது. மகாவலி ஆறு காவி நிறத்தில் இரண்டு கரையும் முட்டப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. வழி தவறிய கவலையை மறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பாலத்துக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர் முஸ்லிம், என் வயதுதான் இருக்கும். எல்லாரும் அவரை நானா நானா என்று கூப்பிட்டார்கள். அண்ணன் என்று அர்த்தமாம். என் நெற்றியையும் பெட்டியையும் பார்த்தார்.

“எங்க போகோணும்?”

ஹந்தானைக்கு என்றேன்.

“ஹந்தானைக்குப் போற மனிசன் ஆத்தங்கரையில வந்து நிக்கிறீங்களே. பெட்டிய எறக்கி வச்சிட்டு இரிங்க. திரும்பிப் போற பஸ் வரும்.”

வெள்ளிக்கிழமை விரதம் என்று சொன்னேன். அவர் உடனே இரண்டு கதலிப் பழமும், பால் இல்லாத தேத்தண்ணியும், கித்துள் என்கிற மலைப்பனையின் கருப்பட்டி ஒரு துண்டும் கொண்டுவந்து வைத்தார். கருப்பட்டியைத் தேத்தண்ணியில் போடக் கூடாதாம். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். நம் பனங்கருப்பட்டியைவிட மென்மையாக, லேசாகப் புகை வாசம் அடித்தது. காசு நீட்டினேன். அவர் வாங்க மறுத்து, விரதக்காரருக்கு வாப்பா காலத்தில் இருந்தே இந்தக் கடையில் விலை சொன்னதில்லை என்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, இப்போது கண்டிப் பக்கம் முழுவதும் இளவட்டங்கள் காணி காணி என்றுதான் அலைகிறார்கள் என்றார். முன்பெல்லாம் அரசாங்கக் காட்டை ஏலம் போடுவார்களாம். பணம் உள்ளவனும் தோட்டத்துரையும் வாங்கிக்கொள்வார்கள். கிராமத்துப் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது வந்த சட்டப்படி, நிலமே இல்லாதவனுக்கு, உழைக்கிற கை இருக்கிறதா என்று பார்த்து, அளந்து கொடுக்கிறார்களாம். அதற்காக ஊர் ஊராகக் காணிக் கச்சேரி என்று விசாரணை நடக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். கச்சேரிக்குப் போகிறவர்கள், ‘இருக்கிறது’ என்று ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் காரியம் கெட்டது. அதை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. ஏலத்தில் விடாமல் ஏழைக்குக் கொடுக்கிற ராஜ்யமும் உண்டா என்கிற ஆச்சரியத்திலேயே பஸ் ஏறிவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் மலை ஏறினேன். என் கடுதாசி கிடைத்து வேலுச்சாமி தோட்டத்து வளைவில் எனக்காகக் காத்திருந்தான். முத்தையாவே இருபத்திரண்டு வயதில் எழுந்து நிற்பதுபோல இருந்தது. காலில் விழுந்து எழுந்தவன் முதல் காரியமாக என் காலில் ஏறியிருந்த அட்டைகளைப் பிடுங்கிப் போட்டான். என் இரத்தத்தைக் குடித்த முதல் கண்டிக்காரர்கள் அவைதான்.

அவர்கள் இருப்பது லயத்தில் ஒரு காம்பரா. நீளக் கட்டடத்தை வரிசையாகத் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம். எங்கள் ஊர் மாட்டுக் கொட்டில் அதைவிட விசாலம். ஆனால் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். சுவரில் முருகன் படம், அதற்குச் செவ்வரளிப் பூ. முத்தையாவின் மனைவி அழகம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றபடியே, “மூத்தவங்க நல்லா வந்தீங்களா” என்று கேட்டுவிட்டு, கல்லில் சுட்ட தடித்த கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தனுப்பினாள். அந்த ரொட்டி ஒன்று தின்றால் மறுநாள் மத்தியானம் வரை பசிக்காது.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் நான் பேச்சை எடுத்தேன். பட்டாவை அவிழ்த்துக் காட்டி, உன் அப்பன் பங்கு இது, ஊருக்கு வா என்றேன். அவன் அதைத் தொட்டுக் கும்பிட்டான். பிரித்துப் பார்க்கவில்லை.

“பெரியப்பா, ஊர்ல எனக்கு ஏர் பூட்டத் தெரியாது. மழை பார்த்து விதைக்கத் தெரியாது. இங்க தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவேன், தண்ணி ஓடக் கான் வெட்டுவேன், மலையில கல்லுக் கட்டுவேன். வாங்க, ஒரு எடம் காட்டுறேன். அப்புறம் பேசுவோம்.”

தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு ஓடை. அதற்கு அந்தப் பக்கம் அரசாங்கக் காணி, அதற்கும் கீழே சிங்களக் கிராமம். ஓடைக் கரையில் சரிவை வெட்டிப் படிப்படியாகக் கல் அடுக்கி, மண் கரையாமல் நிறுத்தியிருந்தது. முத்தையா தோட்ட வேலையிலிருந்து பென்ஷன் இல்லாமல் நின்ற காலத்தில் ஆரம்பித்த வேலையாம். பிறகு மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் செய்தது. போஞ்சி என்கிற பீன்ஸ், கத்தரி, வள்ளிக்கிழங்கு. நடுவிலே ஒரு பலாமரம், அடிமரத்திலிருந்தே காய் தொங்கிற்று.

அங்கே வேலுச்சாமி வயதில் ஒருவன் மண்வெட்டியோடு நின்றான். கீழ்க் கிராமத்துக் கிரிபண்டா. அவன் அப்பாவுக்கு இருந்த வயல் ஐந்து அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்து, அவன் முறை வரும்போது வரப்புதான் மிஞ்சிற்று என்று வேலுச்சாமி சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்துதான் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரும் அந்த ஓடைக்கரைக்கே மனுக் கொடுத்திருக்கிறார்கள். கச்சேரி திங்கட்கிழமை.

இந்தச் சட்டத்தில் கிடைக்கிற காணியை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, துண்டு போடவும் முடியாது, ஒரு பிள்ளைக்கு முழுசாகப் போகும் என்று வேலுச்சாமி விளக்கினான். எங்கள் ஊரில் பாகம் பிரித்துப் பிரித்து ஏர் திரும்ப இடமில்லாமல் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போன பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். ஆனாலும் என் பிடிவாதம் தளரவில்லை. தோட்டத்தில் பெரிய கங்காணி முதல் எல்லாரும் அவனைக் கேலி செய்வதையும் நான் கேட்டிருந்தேன். “காணிக்காரர் வாறாரு, வழி விடுங்கடா” என்பார்களாம். தோட்டத்துத் தமிழனுக்கு யார் தரப்போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதையே நானும் சொன்னேன்.

அவன் குனிந்து, சரிந்திருந்த ஒரு கல்லை எடுத்து வரிசையில் அடுக்கினான். பிறகு சொன்னான்: “நாளைக்கு தொரை பத்துச்சீட்டு குடுத்து வெளிய அனுப்பினா வேலையோட இந்தக் காம்பராவும் போகும். பெறக்கப் போற புள்ளைக்கு அது வேணாம். திங்கக்கெழமை நீங்களும் வாங்க. அவங்க இல்லேன்னு சொல்லிட்டா, உங்க கூடவே ஊருக்கு வந்துர்றேன். சத்தியம்.”

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்கிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தேன். புத்தர் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகையை வெளியே நின்று கும்பிட்டேன். வெள்ளை உடுத்து, பூத்தட்டு ஏந்தி வருகிற சிங்களப் பெண்களின் அமைதியைப் பார்த்தால் நம் கோயில் கூட்டத்துக்கும் கொஞ்சம் அது வரக்கூடாதா என்றிருந்தது. பிள்ளையாரிடம் நான் என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். காணி கிடைக்கக் கூடாது என்றுதான் வேண்டினேன்.

கச்சேரி நடந்தது கீழ்க் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். மேசைக்குப் பின்னால் நாற்காலியில் காணி அதிகாரி, இளவயசுச் சிங்களவர். பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர், தமிழில் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்க்க. ஆரச்சி என்கிற ஊர்த் தலைவர் சுவரோரம் நின்றார். மனுக் கொடுத்தவர்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் இளவட்டங்கள், பாதிப் பேர் கைக்குழந்தைக்காரர்கள். பெயர் கூப்பிட்டதும் போய் உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். அதிகாரி காய்ப்பைத் தொட்டுப் பார்ப்பார். மூன்றாம் ஆளாக வந்த ஒரு மைனர் உள்ளங்கையில் புதிதாக மண் தேய்த்து வந்திருந்தான். அதிகாரி துவாலையை எடுத்துக் கொடுத்து, துடைத்துவிட்டுக் காட்டச் சொன்னார். பாய் முழுக்கச் சிரித்தது.

கிரிபண்டா தேறினான். அடுத்து வேலுச்சாமி. கையைப் பார்த்ததும் அதிகாரி முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பிறந்த சீட்டைப் பார்த்தார், தோட்டப் பள்ளிக்கூடத்துச் சீட்டைப் பார்த்தார். ஆரச்சியும் நல்லபடி சொன்னார். பிறகு கிளாக்கர் கேட்டார், உனக்கோ உன் குடும்பத்துக்கோ எங்கேயாவது காணி இருக்கிறதா என்று.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க.”

இங்கேதான் நான் செய்த காரியம். அத்தனை பேர் கூடிய சபையில் என் வீட்டுப் பிள்ளை, ஒன்றும் இல்லாதவன் என்று கைகட்டி நின்றதை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் நிலமில்லாத குடும்பம் என்று ஒருவன் சொன்னால் அதற்காக அரிவாள் எடுத்தவர்கள் உண்டு. நான் எழுந்து நின்று, இருக்கிறது சாமி, நாங்கள் காணி பூமி உள்ள குடும்பம் என்று சொல்லிக்கொண்டே பட்டாவைக் கொண்டுபோய் மேசையில் விரித்துவிட்டேன். ஆற்றங்கரை நானா சொன்னது அப்போது நினைவுக்கு வரவே இல்லை. அவன் ஊருக்கு வர வேண்டும் என்ற ஆசையும் என் வாயைத் திறந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் துணிவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். வேலுச்சாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். பாயிலிருந்து கிரிபண்டா உரக்க ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று கிளாக்கரைக் கேட்டேன்.

“உன்ர பெரியப்பா கப்பலேறி வந்தது உன்ர காணியைப் பறிக்கவோ எண்டு கேக்கிறான், ஐயா.”

பிறகு அதிகாரி சொன்னதை அவர் எனக்கு விளக்கினார். இந்தக் காணி இந்த நாட்டிலேயே தங்கி வாழ்கிறவர்களுக்கு. இவனுக்கு இந்தியாவில் நிலம் இருக்கிறது. இவன் அப்பன் என்றைக்காவது ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு இங்கே இருந்திருந்தால், மகனும் வந்து போகிறவன்தான். அப்படியானால் மனுத் தள்ளப்படும்.

“உங்கட தம்பியார் திரும்பி வாற எண்ணத்தோட இருந்தவரோ? தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்கோ.”

வருவதாகத்தான் எழுதுவான் என்று மட்டும் நான் சொல்லியிருந்தால் போதும். அதுவும் பொய்யில்லை. ஆரம்ப வருஷங்களில் பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன் என்று எழுதியவன்தான். வேலுச்சாமி சத்தியப்படி என் பின்னால் வந்துவிடுவான். ஆனால் பட்டாவைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியின் மடிப்புக்குள் வேறொரு கடுதாசி இருந்தது. முத்தையா கடைசியாக எழுதியது. அது வந்தபோது எங்கள் ஆத்தாள் உயிரோடு மகன் வருவான் என்று வழி பார்த்துக் கிடந்தாள். அவளுக்கு அதை எப்படிப் படித்துக் காட்டுவது? மறைத்தேன். ஆத்தாள் போனபின் காட்டியிருந்தால், தம்பி பங்கைத் தின்ன அண்ணனே எழுதிக்கொண்ட கடுதாசி என்பார்கள். அதனால் மறுபடியும் மறைத்தேன். அழகம்மாளுக்கும் வேலுச்சாமிக்கும்கூட அது தெரியாது. இப்போது எடுத்தால் என் பேர் கெடும், பிள்ளையும் என் கையை விட்டுப் போவான்.

நெற்றியில் காலையில் பூசிய விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியது. அதைக் கையால் தொட்டேன். தொட்ட கையால் பொய் சொல்ல வரவில்லை. மஞ்சள் துணியைப் பிரித்து, கடுதாசியை எடுத்துக் கிளாக்கரிடம் கொடுத்தேன். அவர் முதலில் தமிழில் உரக்கப் படித்தார்.

“அண்ணன் அவர்களுக்கு. நான் நட்ட பலா இந்த வருஷம் காய்த்துவிட்டது. பலா நட்டவன் அதன் காயைப் பார்த்துவிட்டால் அவன் இடம் அதுதான். இனி நான் வரவில்லை. என் பங்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் இந்த மண்ணில் பிறந்தவன், அவனை அங்கே கூப்பிட வேண்டாம். ஆத்தாளுக்கு மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.”

பிறகு சிங்களத்தில் சொன்னார். ஆரச்சி முன்னால் வந்து, அந்தப் பலாவை நட்ட நாளில் குழி தோண்டக் கடப்பாரை கொடுத்ததே தான்தான் என்றாராம்.

அதிகாரி வேலுச்சாமியைப் பார்த்துக் கேட்டார், ஊரில் உள்ள பங்கை விட்டுவிட உனக்குச் சம்மதமா என்று. நான் குறுக்கிட்டு, அது அவனுக்காக அங்கேயே கிடக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். “நீங்க எனக்காக வச்சிருந்தா இங்க எனக்கு இல்லேன்னு ஆயிரும், பெரியப்பா. மெய்யாவே உங்களுதா எடுத்துக்கங்க.”

கிளாக்கர் காகிதம் கொடுத்தார். வேலுச்சாமி மண்டியிட்டு உட்கார்ந்து, இந்தியாவில் உள்ள என் தகப்பனார் பங்கு எனக்கு வேண்டாம் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, ஒவ்வொன்றும் கட்டிய கல்லுப் போல நேராக நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையை எப்படி எழுதுவது? எங்கள் வம்சத்தில் நிலம் விலைக்கு வந்திருக்கிறது, சீதனமாய் வந்திருக்கிறது, பாகத்தில் வந்திருக்கிறது, வழக்கிலும் வந்திருக்கிறது. உள்ளங்கையை விரித்துக் காட்டி, இந்தக் கைக்குக் கொடுங்கள் என்று கேட்டவன் இவன் ஒருவன்தான்.

முடிவு அன்றைக்குச் சொல்லவில்லை. மேலிடத்துக்கு எழுதித் தெரிவிப்போம் என்றார்கள். வெளியே வந்ததும் கிரிபண்டா என் தோளில் கையைப் போட்டு ஏதோ சொன்னான். வேலுச்சாமி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: “அடுத்த தடவ பெட்டியில பட்டா வேணாம், பலாக்கொட்ட கொண்டாங்க, எங்க ஊருப் பலாவுக்குத் தொணையா இருக்கும்னு சொல்றான்.”

மறுநாள் அழகம்மாள் பலாக்காய்க் கறி வைத்தாள், முத்தையாவின் மரத்துக் காய். நான் கேட்டு வாங்கி இரண்டு தரம் சாப்பிட்டேன். கடுதாசியை அவளிடமே கொடுத்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, “அதுக்குத்தான் அந்த மரத்த வெட்ட விடலையா அவரு” என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை நான் தனியாக ரயில் ஏறினேன்.

ஏழெட்டு மாசம் கழித்து வேலுச்சாமி எழுதினான். ஓடைக்கரையில் பலாமரத்தோடு சேர்த்து ஒரு துண்டு அவன் பேருக்கு அளந்து கொடுத்துவிட்டார்கள். பக்கத்துத் துண்டு கிரிபண்டாவுக்கு. வாய்க்காலை இருவரும் பாதிப் பாதி பார்த்துக்கொள்கிறார்கள். லயத்தை விட்டு வந்து மண்சுவர் வைத்து வீடு கட்டிவிட்டானாம். பெண் குழந்தை அந்த வீட்டில்தான் பிறந்தது. பெரிய கங்காணி குழந்தை பார்க்க வந்தவர், தன் மகனுக்கு மனு எழுதுவது எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

எங்கள் ஊரில் மட்டும் பேச்சு ஓயவில்லை. கப்பலேறிப் போய்த் தம்பி மகனிடம் கையெழுத்து வாங்கி வந்தவன் என்றுதான் சொல்கிறார்கள். முத்தையாவின் பங்கை இன்றும் நான்தான் உழுகிறேன். அதுவும் உண்மைதான்.

இதைப் படிக்கிறவர்கள் நிலமில்லாத பிள்ளைகள் உள்ள வீடுகளில் வாசித்துக் காட்டுங்கள். ஆசைப்பட்டால் கையால் பிரதி எடுத்தும் கொடுங்கள். ஆனால் என்னை நல்லவனாக்குவதற்காக நான் பட்டாவை விரித்த இடத்தையோ, பிள்ளையாரிடம் வேண்டியதையோ விட்டுவிடாதீர்கள். என்னைக் கெட்டவனாக்குவதற்காகக் கடுதாசியில் ஒரு வரியையும் தள்ளாதீர்கள். வேலுச்சாமி எழுதிக் கொடுத்தது அவன் சொந்த எழுத்து. அதில் நான் கை வைக்கவில்லை. இதிலும் யாரும் கை வைக்க வேண்டாம்.